அப்பா எடுத்துப்போன ஆறு கத்திகள்

கடிதத்தின் சுருக்கம்

எழுதியிருப்பவருக்கு வயது 32. கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை, சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். எட்டு வருடமாகக் கத்தி சேகரிக்கிறார். 43 சேர்ந்திருக்கின்றன. ஹாலில் கண்ணாடி அலமாரி செய்து, உள்ளே விளக்குப் போட்டு அடுக்கி வைத்திருக்கிறார். மனைவிக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு வந்த சொந்தபந்தம் எல்லாம் அலமாரியைப் பார்த்துவிட்டது. பந்தியில் உட்காரும்போது பெண்ணின் தாய்மாமா, "என்ன மாப்பிள்ளை, கசாப்புக்கடை ஏதும் வைக்கப் போறீங்களா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. தாய்வீட்டுக்குப் போனவர், "அந்த அலமாரி இருக்கிற வீட்டுக்குப் பிள்ளையைத் தூக்கிட்டு வரமாட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டார்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் ஆறு கத்திகளை எடுத்துப் பழைய வேட்டியில் சுற்றி, ஊருக்குக் கொண்டுபோய் டிரங்குப் பெட்டியில் பூட்டிவிட்டார். ஆபீஸ் வாட்ஸப் குழுவில் இவருக்கு 'ரவுடி' என்று பட்டம். நெருங்கிய நண்பரின் கிரகப்பிரவேசத்துக்குப் பரிசாகக் கொடுத்த ஸ்விஸ் கத்தியை நண்பரின் அம்மா திருப்பி அனுப்பிவிட்டார்.

அவர் கேட்டிருப்பது மூன்று. 9 அங்குலத்துக்குள் இருந்தால் சட்டம் ஒன்றும் செய்ய முடியாதுதானே? என் காசில் வாங்கியதை அப்பா எடுத்துப்போனது திருட்டில்லையா? நண்பர்கள் மேல் அவதூறு வழக்குப் போடலாமா?

வழக்கறிஞரின் பதில்

தம்பி, உங்கள் நான்கு பக்கக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, கேட்காமல் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரிகள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சின்னக் கேள்விகளை முடித்துவிடலாம்.

அவதூறு வழக்கு வேண்டாம். 'ரவுடி' என்று அவர்கள் போட்டதற்குக் கீழே நீங்கள் மூன்று சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறீர்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்பியதும் நீங்களேதான். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இது ஒன்று போதும்.

அப்பா செய்தது திருட்டும் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா 303ஆம் பிரிவு, அதாவது பழைய இ.பி.கோ. 378, 379, நேர்மையற்ற எண்ணத்தோடு எடுப்பதைத்தான் திருட்டு என்கிறது. தனக்கு முறைகேடாக லாபம் வர வேண்டும், அல்லது உங்களுக்கு நஷ்டம் வர வேண்டும் என்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். பேரனோ பேத்தியோ வரப்போகிற வீட்டிலிருந்து கத்தியை எடுத்துப் பூட்டி வைத்த மனிதரிடம் அந்த எண்ணத்தை யார் நிரூபிப்பது? இன்னொன்றும் சொல்கிறேன். பெற்ற தகப்பன் மேல் புகார் எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால், அங்கே முதலில் எழுதப்படுவது அந்த ஆறு கத்திகளின் பட்டியலாகத்தான் இருக்கும். அந்தப் பட்டியல் உங்களுக்கு நல்லதில்லை.

9 அங்குலக் கணக்கு

கத்தி சேர்க்கிறவர்கள் எல்லோரும் இந்த 9 அங்குலத்தை வேதவாக்காகச் சொல்கிறார்கள். பாதி சரி. 1959ஆம் வருட ஆயுதச் சட்டம், வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டும் செய்த பொருளை ஆயுதமாக எடுத்துக்கொள்வதில்லை. அருவாமனையும் கதிர் அரிவாளும் அதனால்தான் தப்பிக்கின்றன. ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகை என்று ஒன்று உண்டு. வாள், குத்துவாள், ஈட்டி, கூர்க்காக்களின் குக்ரி, சீக்கியர்களின் கிர்பான் எல்லாம் அதில் வரும். 9 அங்குலத்துக்குமேல் நீளமோ 2 அங்குலத்துக்குமேல் அகலமோ உள்ள அலகு என்றுதான் அதில் இருக்கிறது. எல்லோரும் நீளத்தை மட்டும் படித்துவிட்டு அகலத்தை விட்டுவிடுகிறார்கள். நீங்களும்தான். குத்துவாள் அந்தப் பட்டியலில் பேரோடு இருப்பதால், 9 அங்குலக் கணக்கு அதற்கும் உண்டா என்பதை இரண்டு பக்கமும் வாதாடலாம். உங்கள் பேரில் அந்த வாதம் நடக்க வேண்டாம் என்பது என் விருப்பம்.

துப்பாக்கி மாதிரி கத்திக்கு நாடு முழுக்க ஒரே உரிம விதி கிடையாது. ஆயுதச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்கீழ் எந்தப் பகுதிக்கு, எந்த வகைக்கு அறிவிக்கை வந்திருக்கிறதோ, அங்கேதான் வாங்கவும் வைத்திருக்கவும் கொண்டுபோகவும் உரிமம் வேண்டும். அந்த அறிவிக்கையில் இருக்கும் அளவு 9 அங்குலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பட்டன், ஸ்பிரிங் வைத்த கத்திகளுக்கு டெல்லியில் 1980இல் வந்த அறிவிக்கை 7.62 சென்டிமீட்டர் நீளம், 1.72 சென்டிமீட்டர் அகலத்திலேயே ஆரம்பிக்கிறது. மூன்றே அங்குலம். உத்தரப் பிரதேசத்து ராம்பூரில் 2023இல் நடுச்சந்தியில் 20 அடி உயரத்துக்கு, அந்த ஊருக்குப் பேர்போன பட்டன் கத்தியான ராம்பூரியை நிறுத்தி, ஊரே நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறது. அதே ராம்பூரியைப் பையில் போட்டு டெல்லி ரயிலில் ஏறினால் இறங்குகிற இடத்தில் வழக்கு வரலாம். உங்கள் ஊருக்கு அறிவிக்கை ஏதும் இருக்கிறதா என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். கத்தி வாங்கிய பில்களும் அதே கோப்பில் இருக்கட்டும். ஆன்லைனில் கிடைத்தது, அதனால் சட்டப்படி சரி என்பது தப்புக் கணக்கு. வெளிநாட்டிலிருந்து நண்பர் மூலம் வரவழைக்கப் போவதாகச் சொல்லும் அந்த அமெரிக்கக் கத்தியையும் மறந்துவிடுங்கள். ஆயுதம் என்று சுங்கத்துறை முடிவுகட்டினால் இறக்குமதிக்கு 10ஆம் பிரிவில் தனி உரிமம் கேட்பார்கள்.

வீட்டில் வைத்திருப்பது ஒன்று, வெளியே கொண்டுபோவது வேறொன்று. நம் ஊரில் போலீஸ் பார்ப்பது இரண்டாவதைத்தான். 2021 செப்டம்பரில் அரிவாள், கத்தி அடிக்கும் பட்டறைகளிலும் விற்கும் கடைகளிலும், வாங்குகிறவர் பேர், விலாசம், போன் நம்பரை எழுதி வைக்கச் சொன்னார்கள். பட்டாக்கத்தியால் கேக் வெட்டி ரீல்ஸ் போட்டுக் கைதான பையன்களைப் பற்றி மாதம் ஒரு செய்தியாவது படிக்கிறோம். நீங்கள் குக்ரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு எடுத்த அந்தப் படத்தை இன்றே எடுத்துவிடுங்கள். கத்தியைத் துணி விரித்து வைத்துப் படம் எடுங்கள், தப்பில்லை. அதில் நீங்கள் இருக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கிய இடம் வேறு. "அப்பா பஸ்ஸில்தான் போனார்" என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். கோவை பஸ் மதுரை ஆரப்பாளையத்தில் நிற்கும். சிவகங்கைக்குப் போக மாட்டுத்தாவணிக்கு டவுன் பஸ் மாற வேண்டும். 67 வயது ஆசிரியர் ஒரு வீச்சரிவாளையும் குக்ரியையும் வேட்டியில் சுற்றிக்கொண்டு அந்த நெரிசலில் நின்றிருக்கிறார். பை சோதனையில் சிக்கியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தீர்களா? செப்டம்பர், அக்டோபரில் ராமநாதபுரம் பக்கம் தடையுத்தரவு போடுவது வழக்கம். பழைய 144, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163. அந்த நாட்களில் அந்தப் பக்கம் சாதாரண அரிவாளுக்குக்கூட விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

"துடைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்"

நான் சொன்ன முதல் வரி இது. வளைகாப்புக்கு முந்தின வாரம் 14,000 ரூபாய்க்கு ஜப்பான் கத்தி வாங்கியதில் மனைவியோடு வாக்குவாதம். "நான் குரலைக்கூட உயர்த்தவில்லை. எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஏழு மாத வயிற்றோடு, பிரசவச் செலவுக்குப் பணம் எங்கே என்று ஒரு பெண் கேட்கிறாள். புருஷன் முகத்தை நிமிர்த்தவில்லை. கையில் எட்டு அங்குல அலகு. பஞ்சு மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கிறது. அவர் சத்தம் போட்டிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் தைரியம் இருந்திருக்கும்.

குடும்ப வழக்குகளில் நான் படித்த பிரமாணப் பத்திரங்களில் "குத்த வந்தார்" என்று எழுதியிருப்பது அபூர்வம். "கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்" என்று எழுதியிருக்கும். பல சமயம் அது அப்பட்டமான உண்மையாகவும் இருக்கும். 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் உடம்பில் காயம் இருந்தால்தான் வன்முறை என்று இல்லை, மனத்தளவிலான கொடுமையும் மிரட்டலும் அதில் சேரும். உங்கள் மனைவி வழக்குப் போடுவார் என்று நான் சொல்லவில்லை. அவர் பேச்சில் அதற்கான வாடைகூட இல்லை. உங்களுக்குப் பொழுதுபோக்காக இருந்த அந்தப் பத்து நிமிஷம் அவருக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்கிறேன். வாயால் மிரட்டாத நல்ல மனிதர்களுக்குத்தான் இது புரிவதில்லை. 'நான் ஒன்றும் சொல்லவே இல்லையே' என்பார்கள்.

அவருக்குக் கத்தியே பிடிக்காது என்று நீங்கள் முடிவு கட்டியிருப்பதும் சரியில்லை. முதல் கல்யாண நாளுக்கு ஒபினெல் கத்தி வாங்கிக் கொடுத்ததே அவர்தான் என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். பிரான்ஸ் நாட்டு மரப்பிடிக் கத்தியைத் தேடி, திறந்த அலகு மடங்காமல் இருக்க அதில் ஒரு வளையம் உண்டு என்று விசாரித்து வாங்கிய பெண் அவர். அவர் கேட்பது அலமாரியை எடுக்கச் சொல்லி. 'எல்லாவற்றையும் விற்றுவிடு' என்பது நீங்களாகச் சேர்த்துக்கொண்டது. பிள்ளை தவழ ஆரம்பிக்க இன்னும் ரொம்ப நாள் இல்லை. கண்ணாடிக் கதவு, இடுப்பு உயரம், உள்ளே விளக்கு என்றால் எந்தப் பிள்ளையும் நேராக அங்கேதான் போகும்.

இரும்பு பீரோவில் ஒரு தட்டு, தனிப் பூட்டு, சாவி மனைவியிடம். சாவி ஏன் அவரிடம் என்று கோபப்படாதீர்கள். கேட்டு வாங்கித் திறக்கும்போது அந்தக் கத்தி எதற்கு வெளியே வருகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும், பாதிப் பயம் அங்கேயே போய்விடும். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் சில பெண்களுக்கு மனச்சோர்வு வருவதும் உண்டு. அப்படி ஏதும் தெரிந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், சாவியை அப்போது வேறு நம்பிக்கையான கையில் வையுங்கள். வீட்டில் பேச்சு சூடாகும்போது கையில் கத்தி இருக்கக் கூடாது என்பதை இன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பழம் நறுக்கிக்கொண்டிருந்தாலும் கீழே வைத்துவிட்டுப் பேசுங்கள். 14,000 ரூபாய் விவகாரம் தனி. அதில் உங்கள் மனைவி பக்கம்தான் நான்.

திரும்பி வந்த பரிசு

நண்பரின் அம்மா உங்களை அவமானப்படுத்தியதாக நினைக்க வேண்டாம். உப்பு, மிளகாய், கத்தி, ஊசி இதெல்லாம் கையோடு கை கொடுக்கக் கூடாது, உறவு அறுந்துபோகும் என்று வளர்ந்த தலைமுறை அது. கீழே வைத்தால் எடுத்துக்கொள்வார்கள். புதுவீட்டு வாசலில் கத்தியை டப்பாவில் போட்டு நீட்டினால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? ஐரோப்பாவிலும் இந்தப் பயம் உண்டு. பரிசு வாங்குகிறவர் ஒரு நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், விலைக்கு வாங்கியதாக ஆகிவிடும். ஒரு வக்கீலாக எனக்கு இந்தச் சடங்கு ரொம்பப் பிடிக்கும். நண்பரிடம் போய், "ஒரு ரூபாய் கொடுத்துட்டு எடுத்துக்கோ, கணக்குச் சரியாப் போச்சுன்னு அம்மாகிட்ட சொல்லு" என்று சொல்லிப் பாருங்கள்.

ஒரு யோசனை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. கட்டாரி முன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், யாரும் மிரளுவதில்லை. பக்கத்தில் ஒரு அட்டை இருக்கிறது, எந்த ஊர், எந்தக் காலம் என்று அதில் எழுதியிருக்கிறது. உங்கள் அலமாரியில் அட்டை கிடையாது. தாய்மாமாவுக்கு அங்கே தெரிந்தது வெறும் இரும்பு. அவர் வீட்டிலும் ஆயுத பூஜைக்கு அரிவாளுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள், எதற்கு என்று அவருக்குத் தெரியும். நாற்பத்துச் சொச்சம் கத்திக்கும் நாலு வரி எழுத ஒரு மாதம் ஆகுமா? எழுதுங்கள். எதை எதற்காக வைத்திருக்கிறோம் என்று உங்களுக்கே தெளிவாகும். ஏழெட்டுக்கு எழுத ஒன்றுமிருக்காது, அவற்றைக் கொடுத்துவிடலாம். என்னிடம் பதினோரு பாக்குவெட்டி இருக்கிறது. அட்டை எழுத உட்கார்ந்தபோதுதான் அதில் நான்கு வெறும் ஆசைக்கு வாங்கியது என்று தெரிந்தது.

அந்த ஆறு

இரண்டாவது வரியை நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். "தாத்தா பட்டறை வைத்திருந்தவர், நான் பிறக்கும் முன்பே மூடிவிட்டார்கள்."

அப்பா எடுத்துப்போன ஆறையும் உங்கள் பட்டியலில் தேடினேன். வீச்சரிவாள் ஒன்று. 10 அங்குலக் குக்ரி. குடகிலிருந்து வாங்கிய அகலமான ஒடிகத்தி. அலங்காரத்துக்கு வாங்கிய குறுவாள், 11 அங்குலம். இருபுறமும் கூருள்ள 7 அங்குலக் குத்துவாள். பட்டன் வைத்த ராம்பூரி. மிச்சமிருக்கும் 37இல் ஸ்விஸ் மடக்குக்கத்தி, ஒபினெல், சமையல் கத்தி, பேனாக்கத்திதான். எந்த போலீஸ்காரர் வந்து பார்த்தாலும் பிரித்து எடுக்கக்கூடியது அதே ஆறுதான். நான் சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் பிரித்ததை, அவர் விடிகாலையில் யாரும் எழுந்திருக்கும் முன் ஸ்கேல் இல்லாமல் பிரித்திருக்கிறார்.

எங்கே கற்றுக்கொண்டார்? இனி சொல்வது என் ஊகம்தான். உங்கள் பக்கத்தில், அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி வட்டாரத்தில், எங்காவது ஒரு வெட்டுக்குத்து நடந்தால் போலீஸ் பட்டறைக்கு வரும். எவனுக்கு அடித்துக் கொடுத்தாய் என்று கேட்கும். துருத்தி ஊதிக்கொண்டு பக்கத்தில் நிற்கிற பையன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கொலை வழக்கில் வயதான ஆசாரி ஒருவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். சான்றுப் பொருள் என்று அட்டை கட்டிய அரிவாளைக் கையில் கொடுத்து, "இது நீர் அடித்ததுதானே?" என்றார் அரசு வக்கீல். அவர் பிடியைப் பார்க்கவில்லை, கறையையும் பார்க்கவில்லை. அலகை நகத்தால் ஒரு சுண்டு சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார். "லாரி ஸ்பிரிங் பிளேட்டுங்க. ஆனா இந்தத் தோய்ச்சல் என்னுது இல்லைங்கய்யா" என்றார். காய்ச்சிய இரும்பை முக்கிப் பதம் ஏற்றுவதைத்தான் தோய்ச்சல் என்பார்கள். கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். கூண்டைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கியது இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பட்டறையிலிருந்து படித்துத் தலைமையாசிரியர் ஆனவர் உங்கள் அப்பா. மகன் வீட்டு ஹாலில், விளக்கு வெளிச்சத்தில், வீச்சரிவாளைப் பார்த்தால் அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்பதை நீங்கள் தாய்மாமாவின் கிண்டலோடு ஒன்றாகச் சேர்த்துவிட்டீர்கள். இரண்டும் வேறு.

ஒரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. அந்த ஆறும் இப்போது இருப்பது அப்பாவின் கையிருப்பில். நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆறும் உங்களுடையவை, பாதுகாப்புக்காக அவரிடம் இருக்கின்றன என்று தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, பில் நகலோடு அவரிடம் கொடுங்கள். தகவல் உரிமைப் பதில் வரும்வரை அவை பெட்டியைவிட்டு நகர வேண்டாம். உரிமம் தேவை என்று பதில் வந்தால், அவற்றை நீங்களே எடுத்துக்கொண்டு அலையாதீர்கள். எப்படி ஒப்படைப்பது, யாரிடம் என்பதை ஊரில் ஒரு வக்கீலை வைத்துச் செய்யுங்கள், செலவைப் பார்க்காதீர்கள்.

தாளைக் கொடுக்க நேரில் போங்கள், ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி. பெட்டிச் சாவியைக் கேட்காதீர்கள். அந்த வீச்சரிவாளை நல்லது என்று நம்பி எவ்வளவு கொடுத்து வாங்கினீர்களோ, அந்த விலையை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அவரே பெட்டியைத் திறந்து அலகைச் சுண்டிப் பார்த்தால், என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.